மவுண்ட் ரோடு கேக் கடைக்காரர் பறக்கவிட்ட விமானம்: 1910-ல் சென்னையை அண்ணாந்து பார்க்க வைத்த டி ஏஞ்சலிஸ் யார்?

தேனாம்பேட்டை சிக்னல்ல நின்னுட்டு இருக்கும்போது தலைக்கு மேல ஒரு விமானம் போனா, இப்போ யாரும் நிமிர்ந்துகூட பார்க்கிறதில்லை. மீனம்பாக்கம் பக்கத்துலதானே இருக்கு, தினமும் எத்தனையோ விமானம் போகுது, வருது. ஆனால் 116 வருடங்களுக்கு முன்னாடி, இதே அண்ணா சாலையில் ஹோட்டல் நடத்திய ஒருத்தர் சொந்தமாக ஒரு விமானத்தை வடிவமைத்து, இதே சாலையில் இருந்த ஒரு பட்டறையில் கட்ட வைத்து, தானே ஏறி ஓட்டியும் காட்டினார். அப்போ இந்தியாவில் ஒரு விமான நிலையம் இல்லை. ஒரு பைலட் பயிற்சிப் பள்ளி இல்லை. விமானம் ஓட்ட லைசென்ஸ் கொடுக்கிற அலுவலகமும் இல்லை.

அவர் பெயர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். அந்தக் கால மெட்ராஸில் பெரிய மனிதர்கள் எல்லாருக்கும் தெரிந்த பெயர். இன்று சென்னைக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாத பெயர். யார் இவர்? இவருடைய விமானம் எப்படிப் பறந்திருக்கும்? இன்றைக்கு வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்களுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு? பார்ப்போம்.

யார் இந்த டி ஏஞ்சலிஸ்?

டி ஏஞ்சலிஸ் பொறியாளர் இல்லை. ராணுவத்தில் இருந்தவரும் இல்லை. கேக், மிட்டாய், விருந்து சமையல், இதுதான் அவர் தொழில். கோர்சிகா தீவைப் பூர்வீகமாகக் கொண்டவர் என்று சென்னையின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். பிரான்சுக்குச் சொந்தமான அந்தத் தீவு இத்தாலிக்குப் பக்கத்தில் மத்தியதரைக் கடலில் இருக்கிறது. நெப்போலியன் பிறந்த ஊரும் அதுதான்.

மெட்ராஸுக்கு வந்த டி ஏஞ்சலிஸ், மவுண்ட் ரோட்டில் மேசோன் பிரான்சேஸ் என்ற பெயரில் கடை தொடங்கினார். பிரெஞ்சு வீடு என்று அர்த்தம். ஆங்கிலேய அதிகாரிகள், பெரிய வியாபாரிகள் வீட்டு விருந்துகளுக்கு இங்கிருந்துதான் பலகாரம் போகும். கவர்னர் மாளிகை வரை அவர் கை மணம் எட்டியது.

கடை வளர்ந்து 1906-ல் ஹோட்டல் டி ஏஞ்சலிஸ் ஆனது. மின்சாரமே புதுசாக இருந்த காலத்தில், மின்சார லிஃப்ட் வைத்த ஹோட்டல் என்று ஊரே பேசியது. மின்விசிறி, குழாயில் சுடுதண்ணீர், சொந்தமாக ஐஸ் தயாரிக்கிற வசதி என்று, புதுசாக எது வந்தாலும் அது தன்னிடம் முதலில் இருக்கணும் என்று நினைக்கிற ஆள். பின்னாளில் இந்த ஹோட்டல் கை மாறி பொசோட்டோ என்ற பெயரில் நடந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். லிஃப்ட், ஐஸ் மெஷின் இதெல்லாம் அந்தக் காலத்தில் வாங்கி வைத்துவிட்டால் மட்டும் போதாது. ரிப்பேர் ஆனால் கூப்பிட சர்வீஸ் சென்டர் கிடையாது. முதலாளிக்கே ஓரளவு மெஷின் புரிந்திருக்கணும். டி ஏஞ்சலிஸுக்கு அந்த ஆர்வம் ஏற்கெனவே கையில் இருந்தது. அது வானத்தை நோக்கித் திரும்ப ஒரு செய்தி மட்டும்தான் தேவைப்பட்டது.

அந்தச் செய்தி என்ன?

1909 ஜூலை 25. பிரான்சைச் சேர்ந்த லூயி பிளேரியோ, தானே உருவாக்கிய ஒற்றை இறக்கை விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். சுமார் 37 நிமிடப் பயணம். விமானத்தில் இருந்தது 25 குதிரைத்திறன் என்ஜின். இன்று நம்ம ஊர் ரோட்டில் ஓடுகிற பல பைக்குகளின் சக்தி அதுக்குச் சமம், சிலது அதையும் தாண்டும்.

ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17-ல் பறந்த முதல் பறப்பு வெறும் 12 விநாடி. ஆறு வருடத்தில் மனிதன் கடலையே தாண்டிவிட்டான். உலகம் முழுக்க பேப்பரில் தலைப்புச் செய்தி. மவுண்ட் ரோட்டில் அதைப் படித்த டி ஏஞ்சலிஸுக்கு, நாமும் ஒன்று கட்டினால் என்ன என்று தோன்றிவிட்டது.

காசு இருக்கிறது, ஐரோப்பாவில் இருந்து ஒரு விமானத்தை வாங்கிக் கப்பலில் இறக்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தானே வடிவமைத்தார். கட்டித் தரச் சொல்லி அவர் போன இடம், அதே மவுண்ட் ரோட்டில் இருந்த சிம்ப்சன் கம்பெனி.

குதிரை வண்டி செய்கிறவர்களால் விமானம் செய்ய முடியுமா?

முடியும். ஏன் என்று பார்த்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

சிம்ப்சன் 1840-ல் தொடங்கிய நிறுவனம். கோச்சு வண்டி, சாரட்டு செய்வதில் பேர் போனது. 1903-ல் நீராவி கார் ஒன்றையும் இங்கே செய்தார்கள். அந்தக் கால விமானம் என்றால் என்ன? வளைத்த மரச் சட்டம், அதன் மேல் இழுத்துக் கட்டிய துணி, எல்லாவற்றையும் முறுக்கிப் பிடிக்கிற கம்பிகள், சைக்கிள் சக்கரம் மாதிரி லேசான சக்கரங்கள், ஒரு சின்ன என்ஜின். என்ஜினை விட்டுவிட்டால் மீதி எல்லாமே ஒரு கோச்சுப் பட்டறைக்குத் தெரிந்த வேலை. மரத்தை உடையாமல் வளைப்பது, எடை கூடாமல் பலம் சேர்ப்பது, துணியைச் சுருக்கம் இல்லாமல் இழுத்து அடிப்பது, இதெல்லாம் மெட்ராஸ் ஆசாரிகளுக்குப் புதுசு இல்லை.

ஆனால் வண்டிக்கும் விமானத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. வண்டி கொஞ்சம் கனமானால் குதிரை கொஞ்சம் மெதுவாக இழுக்கும், அவ்வளவுதான். விமானம் கொஞ்சம் கனமானால் எழும்பாது. இல்லையென்றால் எழும்பி, திரும்பும்போது விழும். இரண்டாவதுதான் ஆபத்து.

பல்லாவரத்தில் சோதனை, தீவுத்திடலில் காட்சி

1910 மார்ச் மாதம் விமானம் தயார். முதலில் பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்தார். அப்போ அது ஊருக்கு வெளியே திறந்தவெளி. மவுண்ட் ரோடு வழியாகப் பல்லாவரம் போகணும் என்றால், தேனாம்பேட்டை, சைதாப்பேட்டை, அடையாற்றுப் பாலம், பரங்கிமலை தாண்டித்தான் போகணும். இன்று நீங்கள் விமான நிலையத்துக்கு கேப் புக் பண்ணிப் போகிற அதே வழி.

சோதனை சரியாக வந்ததும், ஊருக்கே காட்டிவிட முடிவெடுத்தார். இடம் தீவுத்திடல். கூவம் ஆறு சுற்றி ஓடுகிற, இன்று பொருட்காட்சி நடக்கிற அதே மைதானம். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனம் வந்தது. பலூன் பார்த்திருக்கலாம், பட்டம் பார்த்திருக்கலாம். காற்றைவிடக் கனமான ஒரு மெஷின், என்ஜின் சத்தத்தோடு தரையை விட்டு எழும்புவதை இந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. டி ஏஞ்சலிஸ் பறந்து காட்டினார். கூட்டத்தில் இருந்த ஒருத்தரையும் ஏற்றிக்கொண்டு பறந்தார் என்றும் சொல்லப்படுகிறது.

அந்த விமானம் எப்படிப் பறந்திருக்கும்?

இதுதான் கதையில் பலரும் தாண்டிப் போகிற இடம். 1910-ல் ஒரு சின்ன என்ஜின் விமானத்தை, அதுவும் சென்னையில் மார்ச் மாத வெயிலில் பறக்கவிடுவது எவ்வளவு நெருக்கடியான வேலை என்று தெரிந்தால்தான் அவர் செய்ததன் அருமை புரியும்.

1. வேக இடைவெளி ரொம்பக் குறைவு

எந்த விமானத்துக்கும் ஒரு குறைந்தபட்ச வேகம் உண்டு. அதுக்குக் கீழே போனால் இறக்கை தூக்காது. பைலட்கள் இதை ஸ்டால் என்பார்கள். கார் நின்றுபோவது மாதிரி என்ஜின் நிற்கிற விஷயம் இல்லை இது. என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் இறக்கைக்கு மேல் போகிற காற்று பிய்ந்து சிதறிவிடும், விமானம் சரியும்.

இன்றைய விமானங்களில் இந்தக் குறைந்த வேகத்துக்கும் அதிகபட்ச வேகத்துக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கும். 1910-ல் பல விமானங்களுக்கு உச்ச வேகமே மணிக்கு 60, 70 கிலோமீட்டர்தான். அதில் இருந்து சில கிலோமீட்டர் குறைந்தாலே ஸ்டால். எதிர்க்காற்று சட்டென்று அடங்கினாலே அந்த இடைவெளி காலியாகிவிடும். அதில் எத்தனை வேகத்தில் போகிறோம் என்று காட்டுகிற மீட்டரும் கிடையாது. முகத்தில் அடிக்கிற காற்றும், கம்பிகள் போடுகிற சத்தமும்தான் அந்தக் கால பைலட்டுக்கு மீட்டர்.

2. வெயில் விமானத்தை இளைக்க வைக்கும்

காற்று சூடானால் லேசாகும். 15 டிகிரியில் இருக்கிற காற்றைவிட 35 டிகிரியில் இருக்கிற காற்றின் அடர்த்தி சுமார் 6 சதவீதம் குறைவு. 6 சதவீதம்தானே என்று நினைக்கலாம். ஆனால் அடி மூன்று இடத்தில் விழும். இறக்கைக்குக் கிடைக்கிற தூக்கு விசை குறையும். முன்னால் சுற்றுகிற புரொப்பல்லருக்குப் பிடிமானம் குறையும். என்ஜினுக்குள் போகிற காற்று குறைவதால் சக்தியும் குறையும். பிளேரியோ பறந்தது ஐரோப்பாவின் அதிகாலைக் குளிரில். டி ஏஞ்சலிஸுக்குக் கிடைத்தது மெட்ராஸ் காற்று. போதாக்குறைக்கு கடற்கரை ஈரக்காற்றில் துணி தளரும், மரம் உப்பும்.

3. கூட ஒரு ஆள் ஏறினால்

ஆளையும் சேர்த்து 300 கிலோ இருக்கிற ஒரு விமானம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 கிலோ ஆள் ஒருத்தர் கூடுதலாக ஏறினால் எடை 20 சதவீதம் கூடுகிறது. அப்போ ஸ்டால் வேகமும் கிட்டத்தட்ட 10 சதவீதம் ஏறும். ஏற்கெனவே சில கிலோமீட்டர்தான் இடைவெளி என்று பார்த்தோம். அதில் பாதிக்கு மேல் இங்கேயே போய்விடும். ஒரு பயணியை ஏற்றுவது என்பது சும்மா வேடிக்கை இல்லை, அது கணக்கு தெரிந்து எடுக்கிற துணிச்சல்.

4. திரும்புவதுதான் சோதனை

நேராக எழும்பி நேராக இறங்குவது ஓரளவு சுலபம். திரும்பணும் என்றால் விமானம் ஒரு பக்கம் சாயணும். சாய்ந்தால் இறக்கையின் தூக்கு விசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் செலவாகும், எடையைத் தாங்க மீதிதான் கிடைக்கும். 60 டிகிரி சாய்த்துத் திரும்பினால் ஸ்டால் வேகம் 41 சதவீதம் கூடும். அதனால்தான் அந்தக் காலத்தில் சாய்க்கப் பயந்து, பெரிய வட்டம் அடித்து மெதுவாகத் திரும்புவார்கள். நாலு பக்கமும் மரமும் ஆறும் ஜனமும் இருக்கிற தீவுத்திடலில் அந்த வட்டத்துக்கு இடம் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்க.

5. தரையின் ஏமாற்று வேலை

விமானம் தரைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும்போது, இறக்கைக்கும் தரைக்கும் நடுவில் காற்றோட்டம் மாறுவதால் இழுவை குறையும். சக்தி கம்மியான விமானம்கூட ஜம்மென்று எழும்பிவிடும். கொஞ்சம் உயரம் போனதும் அந்த உதவி காணாமல் போகும். எழும்பின விமானம் மேலே ஏற மறுக்கும். புதுசாகக் கட்டிய விமானத்தில் ஏறுகிற யாரும் இந்த இடத்தில் பதறிப்போய் மூக்கை மேலே தூக்கினால், அடுத்தது ஸ்டால்தான். முதலில் பல்லாவரத்தில் சோதித்துவிட்டு அப்புறம் ஜனத்துக்கு முன்னால் பறந்தார் என்பது இதனால்தான் முக்கியம். அது ஒரு பொறுப்பான சோதனை ஓட்டம்.

அப்போ இந்தியாவின் முதல் பறப்பு எது?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு வேறு ஒரு தேதி ஞாபகம் வரும். 1911 பிப்ரவரி 18. அலகாபாத்தில் இருந்து யமுனையைத் தாண்டி நைனிக்கு, ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு பைலட் சுமார் 6,500 கடிதங்களைக் கொண்டுபோனார். உலகின் முதல் அதிகாரப்பூர்வ விமானத் தபால் அதுதான். இந்திய விமானப் போக்குவரத்தின் கதை பெரும்பாலும் இந்தத் தேதியில் இருந்துதான் தொடங்கும்.

அதுக்கும் முன்னால், 1910 டிசம்பரில் அலகாபாத்திலும் கல்கத்தாவிலும் விமானங்கள் பறந்தன. அவை ஐரோப்பாவில் செய்து கப்பலில் வந்தவை, ஓட்டியவர்களும் ஐரோப்பாவில் இருந்து வந்த பைலட்கள். ஜப்பானின் முதல் பறப்பும் அதே 1910 டிசம்பர் 19-ல்தான். டி ஏஞ்சலிஸ் பறந்தது மார்ச்சில். அதனால்தான் எஸ்.முத்தையா போன்ற சென்னை வரலாற்று எழுத்தாளர்கள் இவரை நாட்டின் முதல் பறப்புக்கு உரியவராகச் சொன்னார்கள். ஆசியாவிலேயே முதல் என்று சொல்பவர்களும் உண்டு.

அப்புறம் ஏன் அலகாபாத் நிலைத்தது, சென்னை மறந்துபோனது? காரணம் எளிது. அலகாபாத் பறப்புக்கு அரசு முத்திரை இருந்தது. அந்த விசேஷ முத்திரை குத்திய கடிதங்கள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. சாதனையோடு சேர்த்து சாட்சியும் கைக்குக் கை மாறி வந்தது. டி ஏஞ்சலிஸ் தனி மனிதர். அவர் பின்னால் அரசும் இல்லை, பெரிய விமானக் கம்பெனியும் இல்லை. டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்கள் போய்ச் சேர்ந்ததும், அந்த நாளின் ஞாபகமும் மெல்ல மங்கிவிட்டது.

சென்னைக்கு விமானம் தினசரி விஷயமாக மாற இன்னும் 20 வருடங்களுக்கு மேல் ஆனது. 1932 அக்டோபரில் டாடாவின் தபால் விமானச் சேவை தொடங்கியபோது, கராச்சியில் இருந்து பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாடா ஓட்டினார். அங்கிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸுக்கு நெவில் வின்சென்ட் ஓட்டிவந்தார். பல்லாவரத்துக்குப் பக்கத்திலேயே மீனம்பாக்கம் விமான நிலையம் வளர்ந்தது. டி ஏஞ்சலிஸ் முதலில் சோதித்துப் பார்த்த அதே சுற்றுவட்டாரத்தில்தான் இன்று சென்னையின் எல்லா விமானங்களும் இறங்குகின்றன.

இன்றைக்கு வீட்டில் விமானம் கட்ட முடியுமா?

முடியும், பலர் கட்டுகிறார்கள். அமெரிக்காவில் இது பெரிய பொழுதுபோக்கு. வேன்ஸ் என்ற நிறுவனத்தின் ஆர்வி ரக விமானங்கள் மட்டும் 10,000-க்கும் மேல் தனிநபர்களால் கட்டி முடிக்கப்பட்டிருக்கின்றன. பாகங்கள் பெட்டியில் வரும், கராஜில் வைத்து ரிவெட் அடித்துச் சேர்க்கணும். பாதிக்கு மேல் வேலையைக் கட்டுகிறவரே செய்திருக்கணும் என்பது அங்கே விதி. இவற்றில் சில மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் போகும்.

வேகமான வீட்டுத் தயாரிப்பு விமானங்களுக்கு என்று ஒரு குணம் உண்டு. இறக்கை சின்னதாக இருக்கும், அதனால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். ஆனால் அதே காரணத்தால் இறங்கும் வேகமும் அதிகம், ஓடுபாதையும் நீளமாக வேண்டும். ஸ்டிக்கை லேசாகத் தொட்டாலே திரும்பும், பழக்கம் இல்லாத கைக்கு அது ஆபத்து. அமெரிக்காவின் பர்ட் ரூட்டன் 1970-களில் வடிவமைத்த வேரிஈஸ் விமானத்தில் வேறு ஒரு யுக்தி. சின்ன இறக்கையை மூக்குப் பக்கம் வைத்தார். வேகம் குறைந்தால் அந்த முன் இறக்கைதான் முதலில் தூக்கு விசையை இழக்கும். மூக்கு தானாகக் கொஞ்சம் தாழும், வேகம் திரும்ப ஏறும், பெரிய இறக்கை தப்பித்துவிடும். 1910-ல் பைலட்டின் நிதானத்தை மட்டும் நம்பி இருந்த ஒரு விஷயத்தை, இங்கே விமானத்தின் வடிவமே பார்த்துக்கொள்கிறது.

இந்தியாவில்? மும்பையைச் சேர்ந்த பைலட் அமோல் யாதவ், அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் 6 பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார். 2016-ல் மும்பையில் நடந்த மேக் இன் இந்தியா கண்காட்சியில் அதை வைத்தார். 2017-ல்தான் அதுக்குப் பதிவு எண் கிடைத்தது. கட்டுவதைவிட அனுமதி வாங்குவது பெரிய போராட்டமாக இருந்தது.

டி ஏஞ்சலிஸுக்கு அந்தப் போராட்டம் இல்லை, ஏன்னா அப்போ விதியே இல்லை. ஆனால் இன்றைய விதி கொடுக்கிற பாதுகாப்பும் அவருக்கு இல்லை. எடைக் கணக்கைச் சரிபார்க்க ஒரு ஆய்வாளர் இல்லை, முன்னால் ஓட்டிப் பார்த்துச் சொல்ல ஒருத்தர் இல்லை. கணக்கு தப்பினால் விழப்போவது அவர்தான். தன் காசு, தன் வடிவம், தன் உயிர், மூன்றையும் ஒரே இருக்கையில் வைத்துத்தான் அவர் தரையை விட்டு எழும்பினார்.

இப்போ என்ன மிச்சம்?

அண்ணா சாலையில் சிம்ப்சன் நிறுவனம் இன்றும் இருக்கு. தீவுத்திடல் இருக்கு. பல்லாவரம் இருக்கு, பக்கத்திலேயே விமான நிலையமும் இருக்கு. தேனாம்பேட்டை மெட்ரோவில் ஏறினால் ஒரு பக்கம் போற ரயில் உங்களை அவர் ஹோட்டல் நடத்திய சாலை வழியாகக் கொண்டுபோகும். இன்னொரு பக்கம் போற ரயில் அவர் சோதனை செய்த பல்லாவரத்துக்குப் பக்கத்தில், விமான நிலைய வாசலிலேயே இறக்கிவிடும். இரண்டுக்கும் நடுவில்தான் நாம தினமும் டிராஃபிக்கில் நிற்கிறோம்.

அடுத்த முறை சிக்னல்ல நிற்கும்போது மேலே விமானச் சத்தம் கேட்டால், ஒரு விநாடி நிமிர்ந்து பாருங்க. 1910-ல் இதே ஊர் ஜனம் டிக்கெட் வாங்கிப் பார்த்த காட்சி அது. காட்டியவர் ஒரு கேக் கடைக்காரர்.